ஈரத் தாடை

முயல் வளர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் கோயம்புத்தூரில் இரண்டு கேள்விகள் வரும். கடிக்குமா? கறிக்கா? இரண்டுக்கும் இல்லை என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். கேட்டவர் சற்று யோசித்துவிட்டு, “பாக்க அழகா இருக்கும்” என்பார். அழகாகத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான். உடம்பு சரியில்லாமல் போனாலும் முயல் அதே அழகோடுதான் உட்கார்ந்திருக்கும்.

நாய்க்கு வலித்தால் முனகும். மாட்டுக்கு வலித்தால் தெருவுக்கே தெரியும். முயல் ஒன்றும் சொல்லாது. அதற்குக் குரலே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. குரல் இருக்கிறது. நாயோ கீரியோ கழுத்தைக் கவ்வும்போது முயல் அலறும். கேட்டவர்கள் குழந்தை அலறியதுபோல இருந்தது என்பார்கள். அந்த அலறலுக்கும் அன்றாட அமைதிக்கும் நடுவே நம் காதுக்கு எட்டுவது கொஞ்சம்தான். பின்னங்காலால் தரையை ‘டொப்’பென்று தட்டினால் ஆபத்து. நெற்றியைத் தடவும்போது பல்லை மெல்ல உரசினால் சுகம். அதே பல்லை உரக்க, நறநறவென்று கடித்தால் வலி.

எல்லாவற்றுக்கும் இரையாகிற உயிர் அது. கூட்டத்தில் நொண்டுகிற முயல்தான் பருந்தின் கண்ணில் முதலில் படும். வலித்தாலும் நொண்டாமல் இருந்தவை பிழைத்தன. அவற்றின் வாரிசுகள்தான் இன்று நம் பால்கனியில் கொத்தமல்லித் தழை தின்கின்றன. இங்கே பருந்து இல்லை, நரி இல்லை. இருந்தும் அந்தப் பழைய பயம் உடம்பில் அப்படியே இருக்கிறது. நாம் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து உட்காரும். ஒண்ணுமில்லை என்பதுபோல ஒரு காதைத் திருப்பும்.

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விலங்குகள் இருக்கின்றன. திருக்குறளில் வரும் காட்டு முயல் நம் காடுகரையில் திரிவது. பெரும்பாலும் தனியாக வாழும், வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். நாம் வீட்டில் வளர்ப்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்த இனம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. குட்டிகள் ரோமமில்லாமல் கண் மூடிப் பிறக்கும். வேல்ஸ் நாட்டில் அந்த முயல்களை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த ரொனால்டு லாக்லி 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். 1972இல் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலை வெளியிட்ட ரிச்சர்ட் ஆடம்ஸுக்கு முயல்களின் வாழ்க்கையைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் புத்தகம்தான். வளைக்குள் யார் பெரியவர், யார் சின்னவர், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் முயல்களுக்கு உண்டு. தனி முயல் வாடிப்போகும் என்பதால்தான் ஜோடியாக வளர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு முயல் சேர்ந்தால் அங்கே அன்பு மட்டும் இருக்காது. அதிகாரமும் வரும்.

*

எங்கள் வீட்டில் இரண்டு பேர். பொரி, சுண்டல்.

பொரி வெள்ளை. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தவள். குழந்தைக்கு அலுத்தபிறகு அந்த வீட்டில் அவளைச் சமையலறைக்குப் பின்னால் கூண்டில் வைத்திருந்தார்கள். பொரியும் பிஸ்கெட்டும் கேரட்டும்தான் சாப்பாடு. பெயர் அப்படித்தான் வந்தது. அந்தச் சாப்பாட்டில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். சுண்டல் பழுப்பு. வேலை மாற்றிக்கொண்டு பெங்களூரு போன நண்பன் விட்டுவிட்டுப் போனவன். அவனுக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. பொரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவனுக்குச் சுண்டல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று அம்மா மாற்றிவிட்டாள்.

இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். குட்டி போடாமலிருக்க மட்டும் அல்ல. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயசாக ஆகக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது ரொம்பச் சாதாரணம். ஆண் முயலுக்கும் ஆபரேஷன் முடிந்த கையோடு பாதுகாப்பு வந்துவிடாது. சில வாரங்கள் வரை அவனால் குட்டி தர முடியும். ஆகவே ஒன்றரை மாசம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

அதற்குப் பிறகுதான் ஜோடி சேர்க்கும் வேலை. இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு அது மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் நடை. தினமும் கால் மணி நேரம், கையில் தடித்த துண்டோடு நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மூன்றாம் நாள் சுண்டல் பொரியின் மேல் ஏறப் பார்த்தான். அது காமம் இல்லை, யார் பெரியவர் என்ற கேள்வி. பொரி திரும்பி அவன் தோளில் ஒரு கடி கடித்தாள். கேள்வி முடிந்தது. மூன்றாவது வாரம் பொரி தலையைத் தாழ்த்தி அவன் தாடைக்கு அடியில் நுழைத்தாள். அவன் அவள் நெற்றியை நக்கிக்கொடுத்தான்.

அதைப் பார்த்து அம்மா, “பாவம், மன்னிப்புக் கேக்குது” என்றாள். அது உத்தரவு. முயல்களில் தலையைத் தாழ்த்தி ‘நக்கிவிடு’ என்று கேட்பவர்தான் பெரும்பாலும் பெரியவர். நக்கிக்கொடுப்பவர் சொன்னதைக் கேட்பவர். எங்கள் வீட்டில் மூன்று வருஷம் பொரிதான் ராணி. தட்டு வைத்தால் முதல் வாய் அவளுக்கு. மின்விசிறிக்கு நேராக இருக்கும் இடம் அவளுக்கு. ராத்திரி இருவரும் ஒட்டிக்கொண்டு ஒரே ரொட்டித் துண்டு மாதிரி படுத்திருப்பார்கள்.

*

ஆடி மாசம் ஆரம்பித்து நாலைந்து நாள் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. சோபாவுக்கு அடியில் கூட்டும்போது வெள்ளை ரோமம் சிறு சிறு கொத்தாகக் கிடந்தது. ரோமம் உதிர்வது வேறு. அது இழை இழையாகப் பறக்கும். இது பிடுங்கிய ரோமம். கொத்தின் அடியில் வேர்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன.

அன்று சாயங்காலமே பார்த்தேன். சுண்டல் வழக்கம்போலப் பொரியின் முகத்தை நக்கப் போனான். நெற்றியை நக்கும்வரை அவள் சும்மா இருந்தாள். கன்னத்துக்கு வந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்து அவன் மூக்கில் ஒரு கடி. அவன் விலகினான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் போய் அவள்மேல் ஏறினான். அவள் ஓடினாள். அவன் துரத்தினான், சோபாவைச் சுற்றி மூன்று சுற்று.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். “என்னடி, புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒத்துவரலையா?” என்றாள் அம்மா. மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து பார்த்துவிட்டு, “ஆடி மாசம் அம்மிணி, புதுசா கட்டினவங்களையே பிரிச்சுத்தான வெப்பாங்க. இதுகளையும் பிரிச்சு வெச்சிருங்க, ஆடி பதினெட்டுக்குச் சேத்துக்கலாம்” என்றாள். வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

எனக்கு உறுத்தியது வேறு. முயல் சண்டையை நான் பார்த்திருக்கிறேன். நிஜமான சண்டையில் இரண்டு பேரும் வால் தூக்கி, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கிற மாதிரி வட்டமடித்து, பந்தாக உருளுவார்கள். சில நொடிகளில் தோல் கிழிந்துவிடும். கையை விட்டால் நம் விரலும் போகும். துடைப்பத்தை நடுவில் விட வேண்டும், இல்லையென்றால் போர்வையைத் தூக்கிப் போட வேண்டும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. துரத்தியது ஒருவன், ஓடியது ஒருத்தி. பொரி ஓடுகிற ஆள் இல்லை. படிக்கட்டு நடையில் ஒரே கடியில் மூன்று வருஷ ராஜ்ஜியத்தைப் பிடித்தவள். ஆகவே சுண்டல் ஏன் துரத்துகிறான் என்று நான் யோசிக்கவில்லை. பொரி ஏன் திருப்பி அடிக்கவில்லை?

*

ஜோடி முயலில் ஒருவருக்கு நோய் வந்தால் கண்டுபிடிப்பது தனி முயலைவிடக் கஷ்டம். ஒரே தட்டு. ஒரே தண்ணீர்க் கிண்ணம். மூத்திரமும் புழுக்கையும் ஒரே பெட்டியில். தட்டு காலியானால் இருவரும் சாப்பிட்டதாகத்தான் தோன்றும். ஒருவரே இரண்டு பங்கையும் தின்றிருக்கலாம். முயலுக்கு வயிறு நிற்கக் கூடாது. அதால் வாந்தி எடுக்க முடியாது. குடலுக்குள் நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். அரை நாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமை. நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு அந்த உடம்பில் இடமில்லை.

நடுவில் கம்பி வலையை நிறுத்தினேன். பிரித்து வைக்க இல்லை, கணக்குப் பார்க்க. மூக்கோடு மூக்கு படலாம், வாசனை போய் வரலாம். ஆனால் தட்டு தனி, பெட்டி தனி. நாலு மணி நேரத்தில் கதை தெரிந்துவிட்டது. சுண்டல் பக்கம் பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை குவிந்திருந்தது. பொரி பக்கம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோணல்மாணலாக, எண்ணி இருபத்திரண்டு.

தழையை வைத்தால் பொரி வேகமாக வந்தாள். வாழைப்பழத் துண்டு வைத்தால் இன்னும் வேகமாக. அருகம்புல்லுக்கும் ஆசையாகத்தான் வந்தாள். ஒரு தாளைக் கவ்வி, இரண்டு முறை மென்று, தலையைச் சாய்த்து, கீழே விட்டுவிட்டாள். பாதி மென்ற புல் எச்சிலோடு தரையில் கிடந்தது. அவளுக்குப் பசி இருந்தது. மெல்லத்தான் முடியவில்லை.

பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் விற்கும் அக்காவிடம்தான் நான் தினமும் புல் வாங்குவேன். அந்த வாரம் அவளே கேட்டாள்: “ஏங்கண்ணு, நாலு கட்டு எடுப்ப, இப்ப ரெண்டுல நிறுத்திக்கற?” முந்தின நாள் புல் மீதம் இருந்ததால் குறைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்த கணக்கு கோயில் வாசலில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாகத்தான் தாடை. சாயங்காலம் பொரியைத் தூக்கி மடியில் வைத்துக் கழுத்துக்கு அடியில் கைவைத்தேன். ஈரம். ரோமம் திரி திரியாக ஒட்டியிருந்தது. இத்தனை நாள் அந்த ஈரம் எங்கே போயிருந்தது? சுண்டல் நக்கி நக்கித் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். வலைக்கு அந்தப் பக்கம் அவன் போன பிறகுதான் அது காயாமல் நின்றது. ஜோடி முயல்கள் ஒருவர் கண்ணீரை, சளியை, எச்சிலை இன்னொருவர் சுத்தம் செய்துவிடும். நமக்கு வர வேண்டிய தடயத்தை அன்பு அழித்துவிடும். கன்னத்தில் அவன் நாக்குப் பட்டபோது அவள் கடித்தது எதற்கென்று இப்போது புரிந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் இருவரையும் காய்கறித் தராசில் நிறுத்து எழுதிவைப்பது என் பழக்கம். நோட்டைத் திருப்பினேன். பொரி: 1.94 கிலோ, 1.93, 1.89. அன்று நிறுத்தால் 1.81. முதல் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை, தண்ணீர் குடித்த வித்தியாசம் என்று தோன்றும். நாலாவதோடு சேர்த்துக் கோடு போட்டால் கீழே இறங்குகிறது.

முயலின் முகத்தில் வலியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டது. முயலின் காதில் அடையாளப் பச்சை குத்தும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து ஐந்து குறிகளை எடுத்தார்கள். கண் இடுங்குவது, கன்னம் தட்டையாவது, மூக்குத் துவாரம் வளைவிழந்து கூராவது, மீசை விறைப்பது, காது சுருண்டு பின்னால் ஒட்டுவது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முயல் முகத்தை மாற்றிவிடும் என்பதால் நான் சமையலறை வாசலில் இருந்து, வேறு எங்கோ பார்க்கிற மாதிரி நின்று பார்த்தேன். பொரி மூலையில் உருண்டையாகக் கூனி உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. தூங்குகிறாள் என்றுதான் யாரும் சொல்வார்கள். தூங்குகிற முயலின் கன்னம் உருண்டையாக இருக்கும். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

*

முதலில் போன இடத்தில் டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி முன் பற்களைப் பார்த்தார். “பல் நல்லா இருக்குங்க” என்றார். துரத்துவதைச் சொன்னேன். “சண்டை போட்டா பிரிச்சு வெச்சிருங்க. அதுங்க குணம் அப்படி.” சின்னக் குழந்தைகளுக்குத் தருகிற ஒரு அமாக்சிசிலின் சிரப் எழுதிக்கொடுத்தார். நாய்களுக்கு நல்ல டாக்டர் அவர். வாசலில் அன்றைக்கும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஆனால் முயலுக்கு அந்த மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, அதன் பின்னாலேயே முயலும் போய்விடலாம். அது மட்டும் எனக்குத் தெரியும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது டாக்டர் இளம் பெண். போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னொண்ணு என்ன பண்ணுது?” என்பது. ஏறுகிறான், துரத்துகிறான் என்றேன். “ரெண்டையும் ஒரே கூடையில கொண்டு வாங்க” என்றார்.

காது பார்க்கும் கருவியைப் பொரியின் கடைவாயில் நுழைத்துப் பார்த்தார். முயலுக்கு மொத்தம் 28 பல். நாம் பார்ப்பது முன்னால் இருக்கும் பற்களை மட்டும். மேலே பெரிய பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் சேர்த்து அவை ஆறு. மிச்சம் 22 கன்னத்துக்குள் ஆழத்தில் இருக்கின்றன. எல்லாப் பல்லும் சாகும்வரை வளரும். முன் பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அந்த வளர்ச்சி தேய வேண்டும். புல்லில் இருக்கும் சிலிக்கா அரத்தாள் மாதிரி வேலை செய்யும். பிஸ்கெட்டும் பொரியும் அப்படித் தேய்க்காது, மேலும் கீழுமாக நொறுக்கினாலே போதும். குட்டி வயசில் தின்ன அந்தப் பொரி, பல்லின் அடிவரைக்கும் கோணலை விதைத்துவிட்டிருந்தது. கீழ்ப்பல் உள்பக்கமாக முள் மாதிரி வளர்ந்து நாக்கை அறுத்துக்கொண்டிருந்தது.

“மயக்கம் கொடுத்துத்தான் ராவணும்” என்றார். “முயலுக்கு மயக்க மருந்து கொஞ்சம் ரிஸ்க். ஆனா விட்டா பட்டினியிலயே போயிரும்.” ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். “கூடவே கூடாது. அது வாந்தியே எடுக்காது. பட்டினி போட்டாத்தான் வயிறு நிக்கும்.”

மறுநாள் காலையில் அம்மாவும் என்னோடு வந்தாள். பொரியை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கூடைக்குள் சுண்டல் ஒரு மூலையில் அசையாமல் இருந்தான். அம்மா விரலை உள்ளே விட்டு அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, “நாக்கையா அறுத்துருக்கு?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அமுச்சிக்கும் அப்படித்தான்.”

அம்மாவின் அம்மாவை நாங்கள் அமுச்சி என்போம். எனக்கு நினைவு தெரிந்த அமுச்சி கோபக்காரி. தட்டை விசிறியடிப்பாள். சோறு கொண்டுபோகிற மருமகளை வாய்க்கு வந்தபடி பேசுவாள். வயசானால் புத்தி இப்படித்தான் போகும் என்று சொந்தத்தில் எல்லாரும் சொன்னார்கள். மருமகளைக் கொடுமைப்படுத்துகிறாள் என்று சிலர், மருமகள்தான் சரியாகக் கவனிப்பதில்லை என்று சிலர். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. அம்மாவும் ஒரு பக்கம் நின்றாள்.

“பள்ளிக்கூடத்துல பல்லு கேம்ப் போட்டாங்க. ஏதோ போலாம்னு கூட்டிட்டுப் போனோம். அந்தப் பையன் வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்துட்டு என்னைத்தான் திட்டினான். கடவாப்பல்லு ஒண்ணு ஒடைஞ்சு, கூரா நின்னு, நாக்குல புண்ணு. ஒரு வருசமா இருந்திருக்கும்னான். பல்லப் புடுங்கினான். பத்து நாள்ல அமுச்சி பழையபடி ஆயிட்டா. மருமகளக் கூப்ட்டு ‘நீ வெச்ச ரசம் நல்லா இருக்குது’ன்னா.”

“ஏன் சொல்லல அமுச்சி?”

“யாரு கேட்டா?” என்றாள் அம்மா. “எல்லாரும் ஏன் கத்தறன்னுதான் கேட்டோம். எங்க வலிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல.”

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. கூடைக்குள் இருந்த விரலையும் எடுக்கவில்லை. நான் அந்த மருமகளை நினைத்துக்கொண்டிருந்தேன், என் அத்தையை. ஒரு வருஷம் அவள் ‘சரியாகக் கவனிக்காத மருமகள்’ என்று பெயர் வாங்கினாள். ஒரு பல்லைப் பிடுங்கியதும் அந்தப் பேச்சு நின்றது. ஆனால் பேசியவர்கள் யாரும் அவளிடம் போய் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. குணம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. சண்டை என்று சொன்னால் இருவரில் ஒருவர்மேல் குற்றம் போட்டால் போதும். பிரித்து வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. அமுச்சியையும் அத்தையையும் வேறு வேறு வீட்டில் வைப்பது பற்றிக்கூட அப்போது பேச்சு நடந்ததாம்.

*

பொரி ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தாள். துண்டுக்குள் சுருண்டு, ஒரு கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். டாக்டர் நேராக அவளைச் சுண்டலின் கூடைக்குள் விட்டார். ஆஸ்பத்திரி வாசனை ஒருவர்மேல் மட்டும் ஏறினால் இன்னொருவருக்கு அவள் அந்நியமாகிவிடுவாள். வீட்டுக்குப் போனதும் நிஜச் சண்டையே வரும். இருவரும் வந்ததால் இருவர்மேலும் ஒரே வாசனை. சுண்டல் அவள் முகத்தை முகர்ந்தான். காது, கண், தாடை என்று ஒவ்வொன்றாக. பிறகு பக்கத்தில் படுத்தான்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. முயல் தீவனக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். வேகமாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். வலி மருந்து சொட்டு அளவில். காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காது சில்லென்று ஆனால் உடம்பு தளர்கிறது என்று அர்த்தம். இரண்டே முக்கால் மணிக்கு முதல் புழுக்கை விழுந்தது. மிளகளவுதான். நான் அதை விரலால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, “போட்டாளா?” என்றாள். போட்டாள் என்றேன். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பொரி அருகம்புல்லை மென்று விழுங்கினாள். ஆறாம் நாள் தாடை காய்ந்திருந்தது. சுண்டல் மட்டும் ஏறுவதை விடவில்லை. அவனைப் பொறுத்தவரை ராஜ்ஜியம் கைமாறிவிட்டது. பதினோராம் நாள் காலையில் அவன் பின்னால் வந்தபோது பொரி திரும்பினாள். தோளில் ஒரு கடி. படிக்கட்டு நடையில் கடித்த அதே இடம். அவன் குதித்து விலகி, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பொரி போய்த் தலையைத் தாழ்த்தி அவன் தாடைக்கு அடியில் நுழைத்தாள்.

“சண்டை போடறா,” என்றாள் அம்மா. “நல்லாயிட்டா.”

கதை அங்கே முடியவில்லை. கோணிய பல் நேராகாது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை, சில நேரம் அதற்கு முன்னாலேயே, முள் திரும்ப வளர்கிறது. இதுவரை ஆறு முறை மயக்கம் கொடுத்து ராவியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே பெஞ்ச், அதே கூடை. பொரிக்கு ஆறு வயசு முடிந்துவிட்டது. ஏதோ ஒரு முறை மயக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டாள் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. அப்படி நடந்தால் உடம்பைச் சுண்டல் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் முகர்ந்து தெரிந்துகொள்ளட்டும், இல்லையென்றால் தேடிக்கொண்டே இருப்பான் என்றார்.

எப்போது கூட்டிப்போக வேண்டும் என்று இப்போது நான் தராசை மட்டும் நம்பி இருப்பதில்லை. எடை இறங்குவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே சுண்டலுக்குத் தெரிந்துவிடுகிறது. வாசனையாலா, அவள் தலையை நகர்த்தும் வேகத்தாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் ஒரு முறை அவள்மேல் ஏற முயன்று, அவள் திருப்பிக் கடிக்காமல் விலகினால் நான் டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன். “சுண்டல் சொல்லிட்டானா?” என்பார் அவர். மாடி வீட்டு அக்காகூட இப்போது துரத்துகிற சத்தம் கேட்டால் மேலேயிருந்து, “அம்மிணி, அதோட வாயப் பாத்தியா?” என்று குரல் கொடுக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை பொரியின் எடை 1.86. போன வாரம் 1.88. தாடை காய்ந்திருக்கிறது. நாலு கட்டுப் புல்லும் தீர்ந்தது. சுண்டல் இன்னும் துரத்தவில்லை.